பெயரில்லாப் பொத்தான்

(தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



மொழியைப் பற்றிப் பேசும் இம்மேடையில் இன்று விளையாட்டைப் பற்றிப் பேசவிருக்கின்றேன். அதுவும் கணினித் திரையில், இணைய உலாவிக்குள் ஆடப்பெறும் விளையாட்டைப் பற்றி. 'இதற்கும் நமக்கும் என்ன உறவு?' என்று உங்களுள் சிலர் உள்ளத்துள் கேட்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் நான் பேசவிருப்பது பெயரைப் பற்றிய செய்தி. சொல்லைப் பற்றிய செய்தி. பார்வையற்ற ஒருவரை அவைக்குள் அழைப்பதா, வாயிலிலேயே நிறுத்திவிடுவதா என்பது பற்றிய செய்தி. பொழிவு முடியுமுன் இதனை நீங்களே ஒப்புவீர்கள்.

முதற்கண், பார்வையற்ற ஒருவர் கணினியை எவ்வாறு இயக்குகின்றார் என்பதைத் தெரிந்துகொள்வோம். திரையில் உள்ளதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'சுகிரீன் ரீடர்' எனப்படும் அதனை நாம் திரைபடிப்பான் என்போம். சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையாலேயே ஒன்றிலிருந்து ஒன்றிற்கு நகர்ந்து, அது சொல்வதைக் கேட்டு, அவர் தம் வேலையை முடிக்கின்றார். பழகியவர்கள் அக்குரலை மிக விரைவாக ஓடவிட்டுக் கேட்பர்; பழகாத செவிக்கு அது வெறும் இரைச்சலாகவே படும்.

இக்கருவியை ஆக்கியோர் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்கரான தெட் எண்டர் என்பவர் விசையுந்துப் பந்தய வீரர். 1978-இல் நேர்ந்த சாலை நேர்ச்சியொன்றில் பார்வையை இழந்தார். பின்னர் மென்பொருள் கற்று, 1987-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார். அவர் உருவாக்கிய 'சாசு' என்னும் திரைபடிப்பான் 1989-இல் வெளிவந்தது. அது விலைக்குரியது. விலை கொடுக்க இயலாதோர் என் செய்வது? ஆத்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற இளைஞர் 2006-இல் 'என்.வி.டி.ஏ.' என்னும் திரைபடிப்பானை எழுதத் தொடங்கினார். பார்வையற்றவரான சேம்சு தே என்னும் நண்பர் அவரோடு சேர்ந்தார். உலகில் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக அது இன்றும் வளர்ந்து வருகின்றது. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் தன் கணினியிலும், 2009-இல் தன் கைப்பேசியிலும் திரைபடிப்பானை உடன்வைத்தே விற்றது. ஆகவே கருவி இல்லை என்னும் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. குறை இப்பொழுது வேறிடத்தில் இருக்கின்றது.

எங்கே இருக்கின்றது? திரைபடிப்பானுக்குக் கண் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகின்றோமே, அங்கே இருக்கின்றது. அது நம்மைப்போல் திரையைப் பார்ப்பதில்லை. இணையப் பக்கத்தின் உள்ளே எழுதப்பட்டிருக்கும் அமைப்பைத்தான் அது படிக்கின்றது. அவ்வமைப்பில் ஒவ்வோர் உறுப்புக்கும் மூன்று செய்திகளை அது தேடும். இஃது என்ன வகை? இதன் பெயர் என்ன? இஃது இப்பொழுது எந்நிலையில் உள்ளது? 'ஒலி, பொத்தான், அழுத்தப்பட்டுள்ளது' என்று சொன்னால் கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். பெயர் எழுதப்படாமல், ஓர் அழகிய படம் மட்டும் பொத்தானின்மேல் ஒட்டப்பட்டிருந்தால் என்ன சொல்லும்? 'பொத்தான்' என்னும். அடுத்ததற்குப் போனால், 'பொத்தான்' என்னும். அதற்கடுத்ததும் 'பொத்தான்'. ஆட்டத்தைத் தொடங்குவது எது, முடிப்பது எது, பிடித்த புள்ளிகளையெல்லாம் அழிப்பது எது? அழுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும்!

பெருமக்களே! 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய நாள்தொட்டு, பொருள்தோறும் தமிழ்ப்பெயர் காண்பதை ஒரு தொண்டாகக் கொண்டவர்கள் நாம். பெயரில்லாப் பொருள் அறிவுக்குள் நுழையாது என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டா. அந்த உண்மையை, நாள்தோறும் விரல் நுனியிலும் செவியிலும் பட்டறிகின்றவர்கள் பார்வையற்றோர். ஆகவேதான் இச்செய்தியை இம்மேடைக்குக் கொண்டுவந்தேன்.

பெயரில்லாப் பொத்தானினும் கொடியது ஒன்றுண்டு. அது பொத்தானே அல்லாத பொத்தான். வெறும் கட்டமொன்றைப் பொத்தான்போல் வரைந்து, சுட்டியால் தட்டினால் இயங்குமாறு செய்துவிடுகின்றனர். விசைப்பலகையால் அதனை அடையவே இயலாது. இன்னும் கொடியது, ஆட்டம் முழுவதையும் ஒரே வரைபலகையாகத் தீட்டிவிடுவது. ஆப்பிள் நிறுவனம் 2004-இல் உலாவிக்குள் புகுத்திய 'கேன்வாசு' என்னும் வரைபலகை, இன்று எல்லா உலாவிகளிலும் உண்டு. அதன்மேல் வீரர் ஓடலாம், பறவை பறக்கலாம், பந்து துள்ளலாம். கண்ணுடையார்க்கு அது விருந்து. திரைபடிப்பானுக்கோ அது புள்ளிகளாலான ஒற்றைப் படம். ஆட்டத்தைப் பற்றி ஆக்கியோன் தனியே ஒன்றும் எழுதி வைக்கவில்லையாயின், அங்கே சொல்லுவதற்கு ஒரு சொல்லும் இராது.

'கணினி விளையாட்டு என்றாலே காட்சிதானே? கண்ணில்லாதவர் அதனை எப்படி ஆடுவார்?' என்று கேட்பாருண்டு. இக்கேள்வி வரலாறு அறியாத கேள்வி. கணினி விளையாட்டின் முன்னோடிகளுள் ஒன்று, 1970-களின் நடுவில் அமெரிக்காவில் வில் கிரௌத்தர் எழுதி, 1977-இல் தான் உட்சு விரிவாக்கிய குகை ஆட்டம். கிரௌத்தர் குகைகளுக்குள் நுழைந்து ஆய்வதில் ஈடுபாடுடையவர். தம் பெண்மக்கள் ஆடி மகிழ அதனை எழுதினார். அதில் ஒரு படங்கூடக் கிடையாது. 'நீ ஒரு சாலையின் முடிவில் நிற்கின்றாய்' என்பதுபோல் கணினி சொல்லால் சொல்லும். ஆடுபவர் சொல்லால் விடை கூறுவார். அவ்வளவும் சொல்! அத்தகைய ஆட்டங்களைத் திரைபடிப்பான் எளிதிற் படித்தது. படம் பெருகப் பெருகத்தான் சொல் விலக்கப்பட்டது. சொல் விலக்கப்பட்டபோதுதான் பார்வையற்றோரும் விலக்கப்பட்டனர்.

கணினி தோன்றுமுன்னும் இதுவே உண்மை. நம் வீட்டுப் பல்லாங்குழியை எண்ணிப் பாருங்கள். பதினான்கு குழி, விரலால் தடவி எண்ணினால் போதும், கண் கட்டாயமன்று. சதுரங்கம் என வழங்கும் ஆனைக்குப்பு ஆட்டத்திற்கும் தொட்டுணரும் பலகை உண்டு. அதில் கருங்கட்டங்கள் சற்றே உயர்ந்திருக்கும். கட்டந்தோறும் காய் நிற்க ஒரு துளை இருக்கும். ஒரு பக்கத்துக் காய்களின் தலையில் சிறு முள் இருக்கும். பார்வையற்றோர் நாடுகளுக்கிடையே ஆடும் சதுரங்க ஒலிம்பியாடு 1961-ஆம் ஆண்டிலேயே செருமனியில் தொடங்கிவிட்டது. ஆக, ஆட்டம் என்பது விதியும் நிலையும் முடிவெடுக்கும் அறிவுமே. காட்சி அதற்கு உடுத்திய ஆடை. ஆடையை உயிரென்று மயங்குதல் கூடாது.

இதனை உலாவிக்குள்ளேயே செய்து காட்டியவர்களும் உளர். பிரான்சு நாட்டின் திபோ துப்பிளெசி என்பார் 2010-இல் தொடங்கிய 'இலிச்செசு' என்னும் இணையச் சதுரங்கக் களம் விலையற்றது, விளம்பரமற்றது. திரைபடிப்பானோடு அதனுள் நுழைவோர்க்குப் பார்வையற்றோர்க்கான முறையை இயக்கும் வாயில் ஒன்று பக்கத்தின் தொடக்கத்திலேயே கேட்கும். அதனை இயக்கியதும், அறுபத்து நான்கு கட்டங்களும் பெயருடைய கட்டங்களாகிவிடும். அம்புக்குறி விசைகளால் ஒவ்வொன்றாக நகரலாம். எந்தக் கட்டத்தில் எந்தக் காய் என்று குரல் சொல்லும். காயை நகர்த்தக் கட்டத்தின் பெயரைத் தட்டெழுதினால் போதும். ஓரெழுத்துக் கட்டளையால், எதிரி கடைசியாக ஆடியது என்ன என்று கேட்கலாம்; மணிப்பொறியில் எஞ்சிய நேரத்தைக் கேட்கலாம்; குதிரைகள் எங்கெங்கே நிற்கின்றன என்று கேட்கலாம்; ஒரு வரிசை முழுவதையும் சொல்லச் சொல்லலாம்.

இங்கே ஒரு நுட்பம் காண்க. கண்ணுடையவர் பலகையை ஒரே பார்வையில் அளந்துவிடுகின்றார். அதற்கு ஈடாக, அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொருமுறையும் ஒப்பித்துக்கொண்டிருந்தால் கேட்பவர் களைத்துப் போவார். ஆகவே ஆடுபவர் வேண்டியபோது வேண்டியதை மட்டும் வினவ வழி செய்துள்ளனர். எதிரில் இருப்பவர் தம்மோடு ஆடுபவருக்குப் பார்வை உண்டா இல்லையா என்று அறியவும் வேண்டியதில்லை. தனிப்பந்தி போடாமல் ஒரே பந்தியில் அமர்த்தியிருக்கின்றனர்! அணுக்கம் என்பதன் பொருள் அதுவே.

மாறான எடுத்துக்காட்டும் ஒன்று கூறுவேன். 2021 அக்குத்தோபரில் பொதுமக்களிடையே பரவத் தொடங்கி, 2022 தொடக்கத்தில் நியூயார்க்கு தைம்சு நாளிதழால் வாங்கப்பட்ட 'வேர்டில்' என்னும் சொல்லாட்டம் பலரும் அறிந்தது. ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டறிய வேண்டும். எழுத்தும் இடமும் சரியாயின் பச்சை. எழுத்து உண்டு, இடம் வேறு என்றால் மஞ்சள். எழுத்தே இல்லையாயின் சாம்பல். நிறம் ஒன்றே விடையாயின், நிறம் காணாதவர்க்கு விடையே இல்லை. 'இரண்டாம் எழுத்து, உண்டு, இடம் வேறு' என்று சில சொல் சேர்த்து எழுதிவிட்டால் தடை நீங்கிவிடும்.

அவ்வாட்டத்தை முடித்தவர்கள் தங்கள் முடிவை வண்ணக் கட்டங்களாக நண்பர்க்கு அனுப்பினர். பார்ப்பவர்க்கு அஃது ஓர் அழகிய கோலம். திரைபடிப்பானோ, கருங்கட்டம், கருங்கட்டம், மஞ்சட்கட்டம் என்று முப்பது கட்டம் வரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்கும். 'நான்காம் முயற்சியில் வென்றேன்' என்னும் மூன்று சொற்கள் அம்முப்பதினும் மிகுதியான செய்தியைத் தரும் அன்றோ?

இளைஞர்களே! உங்களுள் மென்பொருள் எழுதுவோர் பலர். உங்களுக்கென்று சில நெறிகளைக் கூறுகின்றேன். உலகளாவிய இணையக் கூட்டமைப்பு 1999 முதல் வெளியிட்டு, 2008, 2018, 2023-ஆம் ஆண்டுகளில் புதுக்கிய இணைய அணுக்க நெறிகளில் இவற்றுட் பல விரிவாக உள்ளன.

ஒன்று: பொத்தான் வேண்டுமிடத்தில் உலாவி தரும் உண்மையான பொத்தானையே வையுங்கள். அது விசைப்பலகைக்கும் திரைபடிப்பானுக்கும் பிறவியிலேயே பழகியது. உலாவியிடம் இல்லாத உறுப்பை நீங்களே படைக்க நேர்ந்தால் மட்டும், 2014-இல் அக்கூட்டமைப்பு ஏற்பளித்த 'ஏரியா' என்னும் குறிப்பு முறையால் அதன் வகையையும் பெயரையும் நிலையையும் எழுதுங்கள்.

இரண்டு: எல்லாம் விசைப்பலகையால் இயலவேண்டும். ஆனால் எழுத்து விசைகளைத் தேர்வதில் எச்சரிக்கை வேண்டும். பக்கத்தைப் படிக்கும் நிலையில் என்.வி.டி.ஏ. ஒற்றை எழுத்துகளைத் தன் கட்டளைகளாக வைத்துக்கொள்கின்றது. 'எச்' அழுத்தினால் அடுத்த தலைப்புக்கும், 'பி' அழுத்தினால் அடுத்த பொத்தானுக்கும் தாவும். உங்கள் ஆட்டத்தில் 'பி' என்றால் பாய்வது என்று வைத்திருந்தால், அவ்விசை உங்களை வந்து சேராமலே போகலாம். விசைகளையெல்லாம் ஆட்டத்திற்கே ஒப்படைக்கும் குறிப்பும் ஏரியாவில் உண்டு. அதனைப் பக்கம் முழுவதற்கும் போட்டால் படிக்கும் வசதி பறிபோகும். ஆடுகளத்திற்கு மட்டும், தேவையறிந்து இடுக.

மூன்று: திரையில் நிகழும் மாற்றத்தைச் சொல்லுங்கள். எதிரி ஆடிவிட்டான், புள்ளி கூடிற்று, உயிர் ஒன்று போயிற்று. கண் அதனை ஓரத்திலேயே கண்டுவிடும். செவிக்கு யாரேனும் சொன்னால்தான் உண்டு. பக்கத்தின் ஒரு பகுதியை 'அறிவிப்புப் பகுதி' எனக் குறித்துவிட்டால், அங்கே எழுதுவதைத் திரைபடிப்பான் தானே சொல்லும். பேச்சு முடியும்வரை காத்திருந்து சொல்வது ஒருவகை. இடைமறித்துச் சொல்வது மற்றொருவகை. தீப்பற்றியது போன்ற செய்திக்கு மட்டும் இடைமறியுங்கள். ஓயாத அறிவிப்பும் ஊமைத்தனத்திற்கு நிகர்.

நான்கு: நேரத்தைத் தளர்த்துங்கள். நொடிப்பொழுதில் கண் அறிவதைக் குரல் சொல்லி முடிக்கச் சில நொடிகள் ஆகும். நேரக்கட்டை நீக்கவோ நீட்டவோ ஆடுபவர்க்கு வழி விடுங்கள்.

ஐந்து: ஒலியை அறிந்து ஆளுங்கள். எதிரி இடப்பக்கம் வந்தால் இடச்செவியில் ஒலிக்கச் செய்யலாம். உயரத்தைச் சுருதியால் காட்டலாம். உலாவிக்கு இவையெல்லாம் இயலும். ஆனால் தானே தொடங்கி இரைந்துகொண்டிருக்கும் பின்னணி இசை, திரைபடிப்பானின் குரலை விழுங்கிவிடும். மூன்று நொடிக்கு மேல் தானே ஒலிப்பதை நிறுத்தவோ குறைக்கவோ வழி இருத்தல் வேண்டும் என்பது நெறி.

ஆறு: ஆக்கி முடித்தபின் பார்வையற்ற ஆட்டக்காரரிடமே கொடுத்துப் பாருங்கள். பெயர் இல்லாத பொத்தானை ஆய்வுமென்பொருள் காட்டிக்கொடுக்கும். 'பொத்தான் ஏழு' என்று பெயரிட்டிருந்தால் அதற்குக் குறை தெரியாது, ஆடுபவருக்குத் தெரியும். பெயர் இருந்தால் போதாது. பொருந்தும் பெயராய் இருத்தல் வேண்டும். சொல்லாக்கத்தில் நாம் பிடிக்கும் அதே முறைதான்!

இனி, தமிழுக்கு வருவோம். என்.வி.டி.ஏ.-வோடு வரும் ஒலிப்பான் தமிழையும் பேசும். ஆயினும் தமிழ்ப்பக்கம் தன்னைத் தமிழ்ப்பக்கம் என்று உள்ளே அறிவித்துக்கொள்ள வேண்டும். அவ்வறிவிப்பு இல்லையேல், ஆங்கிலக் குரலே தமிழெழுத்தின்முன் வந்து நின்று தடுமாற நேரும். பழைய எழுத்துருக்கள் வேறொரு கேடு செய்தன. அவற்றில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே தெரிவது மட்டும் தமிழ் உருவம். கண்ணுக்குத் தமிழாய் இருப்பது செவிக்குப் பொருளற்ற ஆங்கிலக் குப்பையாய் ஒலிக்கும். 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. இன்னும் பழைய எழுத்துருவில் பக்கமோ ஆட்டமோ ஆக்குவோர், பார்வையற்ற தமிழர்க்குத் தமிழையே மறுக்கின்றனர்.

தமிழில் சொல்லாட்டம் ஆக்குவோர்க்குத் தனியே ஒரு சொல். 'தமிழ்' என்பது மூன்றெழுத்து என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். ஒருங்குறியில் அது ஐந்து குறிகளாக வைக்கப்பட்டுள்ளது: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. குறிகளை எண்ணும் மென்பொருள் மூன்றை ஐந்து என்னும். 'மி' என்று சொல்ல வேண்டிய இடத்தில் ம வேறு, குறி வேறு என்று பிரிக்கும். திரையில் ஒட்டித் தெரிவதால் கண்ணுடையார்க்கு இக்குறை மறைந்துவிடலாம். எழுத்தெழுத்தாகக் கேட்பவர்க்கு மறையாது. ஆகவே எண்ணும்போதும், அழிக்கும்போதும், அறிவிக்கும்போதும் தமிழிலக்கணம் கூறும் எழுத்தையே அலகாகக் கொள்ளுங்கள். இவ்விடத்தில் மொழிக்குச் செய்யும் நன்றும் பார்வையற்றோர்க்குச் செய்யும் நன்றும் ஒன்றாகிவிடுகின்றன.

'ஒரு சிலர்க்காக இவ்வளவு உழைப்பா?' என்பர். விசைப்பலகை வழி, கை நடுங்குவோர்க்கும் உதவும். நேரத் தளர்ச்சி முதியோர்க்கு உதவும். நிறத்தோடு சொல்லும் சேர்ந்தால், பச்சையும் சிவப்பும் பிரித்தறியாதோர்க்கு உதவும். இவற்றைத் தொடக்கத்திலேயே எண்ணி அமைத்தால் செலவு சிறிது. கட்டி முடித்த வீட்டை இடித்துக் கதவு வைப்பதுபோல் பின்னர்ச் செய்தால்தான் செலவு பெரிது. எல்லா ஆட்டங்களையும் இவ்வாறு மாற்றிவிடலாம் என்று நான் கூறவில்லை. இரு படங்களுக்கிடையே வேறுபாடு காணும் ஆட்டம் கண்ணுக்கே உரியது. அஃது அவ்வாறே இருக்கட்டும். ஆனால் சொல்லாட்டம், சீட்டாட்டம், காய் நகர்த்தும் ஆட்டம், வினாவிடை ஆட்டம் ஆகியவற்றுள் பார்வையற்றோர் ஆட இயலாதது எதுவும் இல்லை. ஆக்கியோரின் கருத்தின்மையே அங்குத் தடை.

இஃது இரக்கத்தால் இடும் பிச்சையன்று, உரிமை. 2006-இல் ஒன்றிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் முப்பதாம் பிரிவு, மாற்றுத்திறனுடைய குழந்தைகள் பிற குழந்தைகளோடு ஒப்ப விளையாட்டில் பங்குகொள்வதை உறுதிசெய்யச் சொல்கின்றது. இந்தியா 2007-இல் அதனை ஏற்றுறுதி செய்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டமும் பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்க்குள்ள பங்கைக் கூறுகின்றது. சட்டத்தில் எழுதியது பொத்தானில் எழுதப்பட வேண்டும், அவ்வளவே மிச்சம்.

இடைவேளையில் வகுப்புத் தோழர்கள் ஒரு புதிய ஆட்டத்தைப் பற்றிப் பேசிச் சிரிக்கின்றனர் என்று வையுங்கள். அவர்களிடையே பார்வையற்ற ஒரு சிறுமி இருக்கின்றாள். அவளுக்கு அறிவு குறைவா? மொழி குறைவா? போட்டியிடும் ஊக்கம் குறைவா? எதுவும் குறைவில்லை. யாரோ ஒருவர் ஒரு பொத்தானுக்குப் பெயர் எழுதாமல் விட்டார். அதனால் அவள் அச்சிரிப்புக்கு வெளியே நிற்கின்றாள்.

ஆகவே இளந்தோழர்களே, இன்றிரவே தொடங்கலாம். நீங்கள் ஆக்கிய பக்கத்தையோ ஆட்டத்தையோ திறவுங்கள். சுட்டியை ஒதுக்கி வையுங்கள். திரையை அணைத்துவிட்டு, விலையின்றிக் கிடைக்கும் திரைபடிப்பானை இயக்கி, காதால் மட்டும் ஒருமுறை ஆடிப் பாருங்கள். 'பொத்தான்' என்று மட்டும் கேட்கும் இடமெல்லாம் உங்கள் கடன் பாக்கியுள்ள இடம். அங்கெல்லாம் தெளிந்த தமிழில் பொருந்திய பெயரை எழுதுங்கள். சொல்லால் வளர்ந்த இனம், சொல் இன்மையால் தன் மக்களுள் ஒருவரையும் வெளியே நிறுத்துதல் ஆகாது.